சாய்ந்த மனையும் செங்குத்து உயரமும்

ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் கொடுங்கையூரில் மனை வாங்க முற்பட்டபோது நாமும் உடன் சென்றிருந்தோம். தெருவுக்கும் பக்கவாட்டு எல்லைக்கும் இடையே செங்கோணம் இல்லை. மனை இணைகரமாய்ச் சாய்ந்து கிடந்தது. பக்கங்கள் 40 அடி, 30 அடி. இரண்டையும் பெருக்கி 1200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு என்றார் தரகர். நாடாவைச் செங்குத்தாகப் பிடித்து அளந்தோம். 40 அடிப் பக்கத்துக்கு உயரம் 24 அடியே. பரப்பு 960 சதுர அடி. இல்லாத 240 சதுர அடிக்கும் சேர்த்து நண்பர் தம் சேமிப்பைக் கொடுக்கவிருந்தார்.

இப்பிழை மிகப் பழையது. பொ.ஆ. 628இல் பிரம்மகுப்தர் நாற்கரப் பரப்புக்கு இரண்டு விதிகள் தந்தார். எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்குவது ஒன்று. அது தோராயமானது என அவரே குறித்தார். மற்றது நுட்பமானது, ஆயினும் நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும் நாற்கரத்துக்கே பொருந்தும். சாய்ந்த இணைகரம் அவ்வகையன்று. நம் மனையின் பக்கங்களை இட்டுப் பார்த்தால் இரு விதிகளிலும் தரகர் சொன்ன அதே 1200தான் வருகிறது.

1150இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கரர், செங்குத்தையோ மூலைவிட்டத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனைப் பிசாசு என்றே கடிந்தார். சான்றும் காட்டினார். நான்கு பக்கங்களும் 25 ஆன உருவம் சதுரமாயின் பரப்பு 625. மூலைவிட்டங்கள் 30, 40 ஆயின் 600. 14, 48 ஆயின் 336. பக்கங்கள் மாறவில்லை. சாயச் சாய உயரம் 25, 24, 13.44 எனக் குறைகிறது.

ஆக, இணைகரத்தில் பக்கத்தை அதற்குரிய உயரத்தோடுதான் பெருக்க வேண்டும். எந்தப் பக்கத்தை எடுத்தாலும் விடை ஒன்றே. நீண்ட பக்கத்துக்கு உயரம் குறைவு, குறுகிய பக்கத்துக்கு மிகுதி. நண்பரின் ஐயம் தீர 30 அடிப் பக்கத்துக்கும் உயரம் அளந்தோம்: 32 அடி. மீண்டும் 960.

1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. நிலத்தை முக்கோணங்களாகப் பகுத்து, குறுக்குக்கோட்டிலிருந்து செங்குத்துத் தொலைவுகளைக் குறிப்பதே நம் சர்வே புலப்படங்களின் முறை. பத்திரத்தில் கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று மட்டும் கண்டால், பணம் எண்ணுமுன் புலப்படத்தையும் விரித்துப் பார்ப்பது நன்று. நண்பரின் மனைக்கு அன்று 960 சதுர அடிக்கே விலை பேசி முடிந்தது.