குடற் புரைவழியின் வரலாறு: சில குறிப்புகள்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கவிஞனை அவன் காலத்திலிருந்து பிரித்தெடுத்துத் தெய்வ அருள் பெற்றவனாகக் காட்டும் இலக்கிய வரலாற்றுக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. வயிற்றுச் சத்திரசிகிச்சையின் பின் தோன்றும் குடற் புரைவழியின் வரலாற்றை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணமாகும். இலக்கிய மாணவர்க்கு இதில் என்ன வேலை என வினவுவோர் உளர். சான்றுகளை எவ்வாறு வாசிப்பது என்பது இரு துறைக்கும் பொதுவான பிரச்சினை என்பதே எமது விடை.

குடலின் தையல் நெகிழ்வதாலோ, சத்திரசிகிச்சையின்போது குடலில் அறியாது நேர்ந்த காயத்தாலோ, குடலுக்கும் வயிற்றுத் தோலுக்கும் இடையே ஒரு வழி திறந்துகொள்கிறது. உண்டதும் பருகியதும் அதனூடே வெளியேறுகின்றன. சிறுகுடலின் மேற்பகுதியிலாயின் நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கு மேலும் நீரும் உப்புக்களும் இழக்கப்படலாம். சமிபாட்டு நீர் சுற்றியுள்ள தோலை அரிக்கிறது. துவாரத்தை உடனே தைத்து மூடுதல் இயல்பான எண்ணமே. ஆயின் சீழும் அழற்சியும் சூழ்ந்த இழையம் தையலைத் தாங்குவதில்லை.

1960 இல் எட்மண்ட்ஸ், வில்லியம்ஸ், வெல்ச் ஆகியோர் பொஸ்ரன் நகரின் மசாசுசெற்ஸ் பொது வைத்தியசாலையில் சிகிச்சை பெற்ற 157 நோயாளரைப் பற்றி எழுதினர். அவர்களுள் நூற்றுக்கு 43 பேர் இறந்தனர். நீர், உப்புக்களின் சமநிலைக் குலைவு, ஊட்டக்குறைவு, நச்சுத்தொற்று ஆகிய மூன்றுமே மரணத்தின் காரணங்களாகக் காணப்பட்டன. இவற்றுள் எதுவும் கத்தியால் தீரக்கூடியதன்று. 1964 இல் சப்மனும் அவர் தோழரும் வகுத்த சிகிச்சை ஒழுங்கில் இழந்த நீரை ஈடுசெய்தல், சீழை வடித்தல், தோலைக் காத்தல், போசாக்களித்தல் ஆகியன முன்வர, பெருஞ் சத்திரசிகிச்சை இறுதியிடத்தைப் பெற்றமை மனங்கொளத்தக்கது.

1968 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டட்றிக் குழுவினர், நாய்க்குட்டிகளையும் பின்னர் ஒரு குழந்தையையும் நாளத்தின் வழியே முழு உணவூட்டி வளர்க்க முடியும் எனக் காட்டினர். 1973 இல் அக்குழுவைச் சார்ந்தோர் 62 நோயாளரைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டபோது, மரணவீதம் ஏறத்தாழ நூற்றுக்கு 6 ஆக இருந்தது. புரைவழிகளிற் பெரும்பாலானவை சத்திரசிகிச்சையின்றித் தாமாகவே மூடிக்கொண்டன. மேதை வரலாற்றாசிரியர் இங்கு எழுதுகோலை வைத்துவிடுவார்.

வரலாறு அவ்வாறு நிற்கவில்லை. 1979 இல் சூற்றர்ஸ், எபெய்ட், பிஷர் ஆகிய மூவரும் அதே பொஸ்ரன் வைத்தியசாலையின் முப்பதாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தனர். நோயாளர் தொகை 404. மரணங்களின் பெருவீழ்ச்சி நாளவழி உணவூட்டல் பரவுவதற்கு முன்னரே, 1960களில், நிகழ்ந்துவிட்டது என்பதே அவர்கள் கண்டது. அப்பத்தாண்டில் உப்புச் சமநிலை பற்றிய அறிவும் மூச்சுக் கவனிப்பும் இடைவிடாத பராமரிப்பும் ஒருங்கே வளர்ந்திருந்தன. புதிய உணவூட்டலின் பயனை நாம் மறுக்கவில்லை. மெலிந்த உடல் சத்திரசிகிச்சைக்கு வேண்டிய காலம்வரை காத்திருக்க அதுவே வழிசெய்தது. தொற்று அடங்கி, வயிற்றறையின் ஒட்டுக்கள் இளகிய பின்னர், பெரும்பாலும் சில மாதங்கள் கழித்தே, புரைவழியுள்ள குடற்பகுதி வெட்டியகற்றப்பட்டு நல்ல முனைகள் இணைக்கப்படுகின்றன.

இக் காத்திருப்புக்காலத்தின் உழைப்பு யாருடையது என்ற வினா நூல்களில் அரிதாகவே எழுகிறது. அளவிடுதல், துடைத்தல், பைகளை மாற்றுதல் யாவும் பெரும்பாலும் தாதியர் கைகளிலேயே இருந்தன. கிளீவ்லண்ட் மருத்துவ நிலையத்தில் சத்திரவைத்தியர் றூப்பேர்ட் ரேண்புல் 1958 இல் தம் நோயாளியாயிருந்த நோர்மா கில் என்னும் பெண்ணை இப் பராமரிப்புக்கெனவே பணியிலமர்த்தினார். குடல்வாய்ப் பையுடன் தாமே வாழ்ந்தவர் அவர். முறையான மருத்துவப் பயிற்சி பெற்றவரல்லர். குடல்வாய்ப் பராமரிப்பு தனித் தொழிலாகியது அவரிலிருந்தே. அக்காலத்தில் அரிபட்ட தோலைக் காக்க ரேண்புல் கையாண்டது காராயாப் பசை. அது இந்தியக் காடுகளில் ஆதிவாசிகள் மரத்தைக் கீறிச் சேகரித்து விற்பது. அவர்களுடைய பெயர் எந்தச் சத்திரசிகிச்சை ஏட்டிலும் எமக்குத் தென்படவில்லை.