புதுவைக் கடற்கரைக்கு ஏற்ற குதிரை எது?

புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அய்யனார் கோயில் வாசலில் பெரிய பெரிய மண் குதிரைகள் நிற்பதைப் பார்க்கலாம். வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் உயிருள்ள குதிரை இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த விலங்கு அல்ல. அது கடல் தாண்டி வந்தது. பொழுதுபோக்குக்காகச் சவாரி செய்ய விரும்பும் ஒருவர் எந்த வகைக் குதிரையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு, இந்த வரலாற்றிலேயே பாதி விடை இருக்கிறது.

கடல் வழி வந்த குதிரைகள்

காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளைப் பற்றிச் சங்க இலக்கியமான பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டிய மன்னனுக்காகக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகரின் கதை திருவிளையாடற் புராணத்தில் வருகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகம் வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களில் இருந்து இறக்குமதி ஆனதாக எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்து விடும் என்றும் குறிப்பிட்டார். அவர் சொன்ன காரணங்கள் கவனிக்கத் தக்கவை. குதிரை வைத்தியமும் பராமரிப்பும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. சோற்றோடு வேகவைத்த இறைச்சியைத் தீவனமாகக் கொடுத்தார்கள். இங்கே பிறந்த குட்டிகளும் கால் கோணி, சவாரிக்கு உதவாமல் போயின. அவர் எழுதியதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனாலும் ஊருக்குப் பொருந்தாத குதிரையையும், குதிரைக்குப் பொருந்தாத தீவனத்தையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தேவையில்லை.

பிற்காலத்தில் குதிரைப் பண்ணைகள் அமைந்த இடங்களும் இதையே காட்டுகின்றன. ஓசூர் அருகே உள்ள மத்திகிரியும், திப்பு சுல்தான் காலத்தில் படைக்குதிரைகள் வளர்க்கப்பட்ட குனிகல்லும் கடற்கரையில் இல்லை. இரண்டும் உயரமான, வெப்பம் குறைந்த மேட்டு நிலத்தில் இருக்கின்றன.

மதிப்புக்கு ஒரு குதிரை

புதுச்சேரியில் இருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில் உள்ளது செஞ்சி. 1714இல் ஆற்காடு நவாபின் படையோடு போரிட்டு இறந்த தேசிங்கு ராஜாவின் கதையில், அவன் அடக்கிய பாராசாரி என்ற குதிரைக்கும் பெரிய இடம் உண்டு. யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்குபவனே வீரன் என்ற எண்ணம் அந்தக் கதைப்பாடல் வழியாக ஊர் ஊராகப் பரவியது.

பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு (1709–1761) முசாபர் ஜங் 3000 குதிரைக்கான மன்சப்தார் பட்டம் கொடுத்தார். ஆனால் ஆளுநர் மாளிகைக்குள் பல்லக்கில் செல்வதுதான் பிள்ளைக்குக் கிடைத்த பெரிய மரியாதை. அங்கே குதிரை என்பது பட்டத்தில் ஓர் எண், அவ்வளவுதான். பின்னாளில் புதுவையின் பிரெஞ்சுக்காரர்கள் ஊர் சுற்றப் பயன்படுத்தியது 'புஸ்-புஸ்' என்னும் வண்டி. உள்ளே அமர்ந்தவர் கைப்பிடியால் திசை திருப்ப, பின்னால் ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். குதிரையின் வேலையை அங்கே மனிதர்கள் செய்தார்கள்.

குதிரை வாங்கும்போது சுழி பார்ப்பதும் நிறம் பார்ப்பதும் நெடுங்கால வழக்கம். இவை எல்லாம் உரிமையாளரின் பெருமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பார்க்கப்பட்டவை. சவாரிக்குப் பார்க்க வேண்டியவை வேறு.

இன்று கிடைக்கும் வகைகள்

1. தரோபிரெட்: பந்தயத்தில் இருந்து ஓய்வு பெற்ற பின் குறைந்த விலைக்குக் கிடைப்பதால் பலரும் இதைத்தான் வாங்குகிறார்கள். உயரமும் அழகும் உண்டு. ஆனால் ஓடுவதற்கென்றே பழக்கப்பட்டது. காலில் பழைய காயம் இருக்கலாம். மறுபயிற்சி இல்லாமல் புதியவர் ஏறுவது ஆபத்து.

2. மார்வாரி, கத்தியவாரி: ராஜஸ்தானையும் சௌராஷ்டிரத்தையும் சேர்ந்தவை. காது நுனிகள் உள்நோக்கி வளைந்திருப்பது இவற்றின் அடையாளம். வெப்பம் தாங்கும். அவை பழகியது வறண்ட வெப்பம். புதுவையில் இருப்பது புழுக்கம். எனவே இங்கே வந்து பழகச் சில மாதங்கள் கொடுக்க வேண்டும்.

3. நாட்டு மட்டக்குதிரை, கலப்பினம்: பார்ப்பதற்கு எடுப்பாக இருக்காது. ஆனால் சிறிய உடல் விரைவில் சூடு தணியும். சிறுவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இது போதும்.

எதைப் பார்த்து வாங்குவது?

குதிரை தன் உடல் சூட்டை வியர்வையால் தணிக்கிறது. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை உலராது. குளிர் நாடுகளில் இருந்து வெப்ப மண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்ட பந்தயக் குதிரைகள் சிலவற்றுக்கு வியர்வையே நின்றுபோகும் நோய் வந்தது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் குதிரை இந்தக் கடற்கரைப் பகுதியில் ஒரு கோடையைக் கழித்திருக்கிறதா என்பதே.

இரண்டாவது எடை. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ.

மூன்றாவது குணம். இளங்குதிரையை விட, எட்டு வயது தாண்டிய, பல பேரைச் சுமந்து பழகிய குதிரையே புதியவருக்கு நல்லது. காயடித்த ஆண்குதிரை பெரும்பாலும் சாதுவாக இருக்கும். வாகனச் சத்தத்திலும் அலைச் சத்தத்திலும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று விற்பவரை ஏறச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நான்காவது கால். காய்ந்த, ஆழமான மணலில் ஓட்டினால் தசைநார் கெடும். அலை நனைத்து இறுகிய மணலில், அதிகாலையிலோ மாலையிலோ மெதுவாக நடத்துவதே சரி.

இந்த நான்கிலும் தேறும் குதிரை, பெரும்பாலும் சந்தையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் குதிரையாக இருக்காது. அன்று மன்னர்கள் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளை, அவற்றுக்கு என்ன தேவை என்று தெரியாமலே இழந்தார்கள். இன்று அது தெரியும். தெரிந்த பிறகும் உயரத்தையும் நிறத்தையும் மட்டும் நம்பி வாங்குவது, மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான். ஒரு வேறுபாடு உண்டு: இங்கே ஏறியவரோடு சேர்ந்து குதிரையும் துன்பப்படும்.