நட்டாறு

கடலே இல்லாத கொங்கு நாட்டில் தீவு உண்டா என்று கேட்டால் கோயமுத்தூர்க்காரர் யோசிப்பார்; ஈரோட்டுக்காரர் உண்டு என்பார். ஈரோட்டுக்குத் தெற்கே, கரூர் போகும் வழியில் காங்கயம்பாளையம். அங்கே காவிரிக்கு நடுவே ஒரு பாறைத்திட்டு, அதன்மேல் ஒரு சிவன் கோயில். அகத்தியர் மணலைப் பிடித்துவைத்து வழிபட்ட லிங்கம் என்பது ஊர் வழக்கு. சாமியின் பெயர் நட்டாற்றீஸ்வரர். நடு ஆறு, நட்டாறு. தீவில் இருக்கும் சாமியின் பெயரில் தீவு இல்லை, ஆறுதான் இருக்கிறது.

தீவு என்ற சொல் வடமொழி ‘துவீப’த்தின் வழி வந்தது, இருபுறமும் நீர் உடையது என்பது அதன் மூலப்பொருள். கடலோரத் தமிழருக்கு அது வீட்டுச் சொல். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு எல்லாவற்றையும் சேர்த்துத் ‘தீவகம்’ என்று ஒரு தனி வட்டாரமாகவே சொல்கிறார்கள். ஆற்றங்கரைத் தமிழர் கண்டது வேறு நிலம். அதற்கு அவர்களிடம் வேறு சொற்கள் இருந்தன.

ஒன்று ஆற்றிடைக்குறை. குறை என்றால் அறுத்த துண்டு. சங்கப் பாடல்களில் இறைச்சித் துண்டும் குறைதான். ஆறு அறுத்துப் போட்ட நிலத்துண்டு ஆற்றிடைக்குறை. இன்னொன்று துருத்தி. குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. தஞ்சாவூர்ப் பக்கம் திருப்பூந்துருத்தி. நீர்மட்டத்துக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்பது துருத்தி என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நம்மிடம் ஊர்ப்பெயர்களில் உறைந்துவிட்ட இந்தச் சொல், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் ‘துருத்து’ என்று இன்றும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. கொல்லத்து அஷ்டமுடிக் காயலின் மன்றோ துருத்துக்குப் படகேறிப் போகும் நம்மூர்ப் பயணிகள், தங்கள் பழைய சொல் ஒன்றின்மேல்தான் கால் வைக்கிறார்கள்.

மூன்றாவது அரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே இருப்பதால் திருவரங்கம். சிலப்பதிகாரமும் அந்த இடத்தை அரங்கம் என்றே சொல்கிறது. காவிரியில் ஆதியரங்கம் ஸ்ரீரங்கப்பட்டணம், நடுவரங்கம் சிவனசமுத்திரம், கடையரங்கம் ஸ்ரீரங்கம் என்று வைணவர் எண்ணுவார்கள். மூன்றும் ஆற்றிடைக்குறைகள், மூன்றிலும் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். நடுவரங்கத்துக்கும் கடையரங்கத்துக்கும் இடைப்பட்ட காவிரிதான் கொங்குக் காவிரி. அந்த இடைவெளியில், ஒரு பாறைமேல், சிவன்.

கொங்கில் ஆற்றை வைத்தே நாடு பிரித்தார்கள். இருபத்துநான்கு நாடுகளின் பட்டியலில் மேல்கரைப் பூந்துறை நாடு, கீழ்க்கரைப் பூந்துறை நாடு என்று இரண்டு வரும். காவிரிக்கு மேற்கே ஒன்று. திருச்செங்கோடு இருக்கும் கிழக்குப் பக்கம் மற்றொன்று. மேல்கரை, கீழ்க்கரை என்று இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டால், மிஞ்சுவது நடு. நட்டாறு என்ற பெயரை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் துல்லியம் தெரியும். இன்றும் ஒரு கரை ஈரோடு மாவட்டம், எதிர்க்கரை நாமக்கல் மாவட்டம்.

நடு என்பது எவ்வளவு நடு என்பதைப் பரிசல் சொல்லும். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடியில் ஒரு காலத்தில் தோல் போர்த்தினார்கள். பரிசலுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. துடுப்பை ஒரு பக்கம் போட்டால் அப்படியே சுழலும். ஆற்று நடுவே ஒரு திட்டைப் பிடிக்க நேராகப் போக முடியாது. பரிசல்காரர் கரையோரமாக மேலேறிப் போய், ஓட்டத்தில் விட்டு, பாறைக்கு நேராக வரும்போது இழுத்து நிறுத்துவார். கொஞ்சம் பிந்தினால் திட்டு கடந்துவிடும். ‘நட்டாற்றில் விட்டுவிட்டான்’ என்ற பேச்சு எந்த அனுபவத்திலிருந்து பிறந்தது என்பது அப்போது உடம்புக்கே தெரியும். கைவிடப்படுதலுக்கு உவமையான இடத்தில் சாமியைக் கொண்டுபோய் வைத்த மனசு எனக்கு மிகவும் பிடித்தமானது.

மேட்டூர் அணை 1934இல் முடிந்தபின் இந்தத் திட்டின் அளவை அணைதான் தீர்மானிக்கிறது. டெல்டாவுக்கு வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன், சித்திரை வைகாசியில் போனால் சுற்றிலும் பாறைகள் வெளியே தெரியும். ஆடிப் பெருக்கில் போனால் கோயிலும் கொஞ்சம் கல்லும்தான் மிஞ்சும்.