பிள்ளைக் குரலில் வந்த பயமுறுத்தல்

முகம் காணாமலே ஒருவரோடொருவர் பேசலாம் என்ற வசதியைத் தொலைபேசி உலகத்துக்கு அளித்த நாள் முதற்கொண்டே, தம்மை மறைத்துக்கொண்டு பிறரை நடுங்கச் செய்ய விரும்பும் துஷ்டர்களுக்கும் அது ஆயுதமாகிவிட்டது. ஜப்பான் தேசத்தையே ஏறத்தாழப் பதினேழு மாத காலம் கலக்கிவிட்டு, இன்றளவும் துலங்காத மர்மமாக நிற்கும் கிளிக்கோ–மொரினாகா வழக்கை இவ்வாரம் காண்போம்.

1984 மார்ச் 18 இரவு, நிஷினோமியா நகரில், பிரசித்தி பெற்ற மிட்டாய் ஸ்தாபனமான எசாகி கிளிக்கோவின் தலைவர் எசாகி கட்சுஹிசா தம் குழந்தைகளோடு நீராடிக்கொண்டிருந்த சமயம், வீடு புகுந்த ஆயுதபாணிகள் அவரைக் கடத்திச் சென்று, அவரை விடுவிக்க 100 கோடி யென்னும் 100 கிலோ தங்கமும் வேண்டுமென்றனர். மூன்றாம் நாள் அவர் ஒரு கிடங்கிலிருந்து தாமே தப்பி வந்துவிட்டார். ஆனால் உபத்திரவம் அத்தோடு ஓயவில்லை.

எடோகவா ரம்போ தம் துப்பறியும் கதைகளில் படைத்த இருபது முகக் கள்வனுக்கு ஒரு முகம் கூட்டி, 'இருபத்தொரு முகன்' என்று கையொப்பமிட்ட கடிதங்கள், போலீஸாரை ஏளனம் செய்து, பத்திரிகைகளுக்கு வந்தவண்ணம் இருந்தன. கிளிக்கோவை அடுத்து மாருதாய், மொரினாகா, ஹவுஸ் முதலிய உணவு ஸ்தாபனங்களும் மிரட்டப்பட்டன. அக்டோபரில், விஷம் கலந்திருக்கிறது, தின்றால் சாவாய் என்ற எச்சரிக்கைச் சீட்டோடு, சயனைடு கலந்த மொரினாகா இனிப்புகள் கடைகளில் கிடைத்தன. அவற்றை எவரும் உண்ணவில்லையாயினும், தின்பண்டம் என்றாலே தாய்மார் அஞ்சும் நிலை வந்தது.

இவ்வழக்கில் என் நெஞ்சை விட்டு அகலாத பகுதி, கடிதங்களன்று. தொலைபேசியில் ஒலித்த குரல்களே. பணத்தை எங்கே கொண்டுவர வேண்டும் என்ற உத்தரவுகளை ஒரு முறை பெண்ணொருத்தியின் குரல் சொல்லிற்று. செப்டம்பரில் மொரினாகாவுக்கும், நவம்பர் 14 அன்று ஹவுஸ் ஸ்தாபனத்துக்கும், சிறுபிள்ளைக் குரல் சொல்லிற்று. கியோட்டோவில் ஒரு பஸ் நிறுத்தத்துப் பெஞ்சின் பின்புறம் பார்க்கும்படி, பாடத்தை ஒப்பிப்பதுபோல், அக்குரல் கூறி முடித்தது. எல்லாம் ஒலிநாடாவில் முன்னதாகவே பதிவு செய்யப்பட்டவை. அழைத்தவனைப் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைத்து, அழைப்பு வந்த இடத்தைத் தடம் பிடிப்பது போலீஸாரின் முறை. ஓடும் நாடாவுக்கு யார் பேச்சுக் கொடுக்க இயலும்?

அக்குரல்களைப் போலீஸார் ஜனங்கள் கேட்கும்படி ஒலிபரப்பச் செய்தும், நரிக்கண்ணன் என்று பெயர் பெற்ற சந்தேகத்துக்குரிய ஒருவனை அதிகாரிகள் இருமுறை நேரில் கண்டும், பயன் விளையவில்லை. நவம்பர் 14 இரவு ஷிகா மாகாணத்துக் காவலர் சந்தேகித்துத் துரத்திய வண்டியும் கைநழுவிப் போயிற்று. அப்பழியின் பாரத்தைத் தாங்காமல், அம்மாகாணக் காவல்துறைத் தலைவர் 1985 ஆகஸ்ட் 7-ஆம் தேதி தீக்குளித்து மாண்டார். ஐந்து நாட்களில், இனி ஓய்கிறோம் என்று அறிவித்த கடிதம் வந்தது. பிறகு அந்தக் கூட்டத்தினின்று ஒரு சொல்லும் எழவில்லை. வழக்குக்குச் சட்டம் விதித்த காலவரையறை 2000 பிப்ரவரியோடு முற்றிலும் கடந்தது.

பணத்தைக் கேட்டவர்கள் அதை அடையவில்லை என்பதைக் கொண்டு இக்குற்றத்தைச் சிறிதென்று எண்ணலாகாது. தான் வாசிப்பது இன்னதென்று அறியாத வயதில், பெரியவர்களை நம்பித் தன் மழலையை ஈந்த பிள்ளையைக் கொடுமைக்குக் கருவியாக்கியதே, எந்தக் காலவரையறையும் கழுவ முடியாத பாதகம். அந்தப் பிள்ளை வளர்ந்து நடுவயதை எட்டியிருக்க வேண்டும். அது யாருடைய குரல் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.