பல் நறநறப்பும் தாடை வலியும்: ஒரு நூற்றாண்டுக் கணக்கு



தூக்கத்தில் குழந்தை பல்லை நறநறவென்று கடித்தால், “வயிற்றில் பூச்சி” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மறுநாளே பூச்சி மருந்து வந்துவிடும். வளர்ந்தவர்கள் கடித்தால், “மனசுல ஏதோ கவலை” என்பார்கள். இன்று பல் மருத்துவரிடம் போனால், “ராத்திரியில் பல்லைக் கடிக்கிறீர்களா? தாடை வலி அதனால் இருக்கலாம்” என்கிறார். காதுக்கு முன்னால் டக்கென்று சத்தம், கொட்டாவி விட்டால் வலி, காலையில் எழுந்தால் கன்னத்தில் இறுக்கம் என்று நம் குடியிருப்பிலேயே சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் பல் கடிப்பதுதான் தாடை மூட்டைக் கெடுக்கிறதா? மேல்நாட்டு மருத்துவர்கள் நூறு வருடத்துக்கு மேல் இதற்கு விடை தேடினார்கள். அந்த வரலாற்றில் நம் பற்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே அசைவதுதான் தாடை மூட்டு. இடதும் வலதும் சேர்ந்தே இயங்கும். உருளவும் செய்யும், முன்னால் நழுவவும் செய்யும். இது விலகினால் திரும்பப் பொருத்தும் முறை சுமார் 3,600 வருடங்களுக்கு முந்தைய எகிப்தியச் சுவடியிலேயே இருக்கிறது. விலகிய மூட்டைக் கண்ணால் பார்க்கலாம், கையால் சரிசெய்யலாம். விலகாமலே வலிக்கும் மூட்டுக்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

1901இல் வியன்னா நகரப் பல் மருத்துவர் கரோலி, இரவில் பல் கடிப்பதே ஈறு நோய்க்குக் காரணம் என்று எழுதினார். 1907இல் மரீ, பியட்கீவிச் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் பல் கடிக்கும் பழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே ‘பித்து’ என்று பொருள் தரும் சொல் ஒட்டியிருந்தது. பல்லைக் கடிப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ‘ப்ரக்ஸிசம்’ என்ற இன்றைய பெயர் 1931இல் புழக்கத்துக்கு வந்தது.

1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் காஸ்டன் ஒரு கட்டுரை வெளியிட்டார். காது மந்தம், காதில் இரைச்சல், தலைசுற்றல், தலைவலி என்று வந்த 11 நோயாளிகளைப் பற்றியது அது. கடைவாய்ப் பற்கள் போய்விட்டதால் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்கிறது, மூட்டு பின்னால் போய்க் காதுப் பக்கம் அழுத்துகிறது என்பது அவர் கணிப்பு. 1948இல் உடற்கூறியல் அறிஞர் ஹாரி சிக்கர் அந்த அழுத்தக் கணக்கு தவறு என்று எடுத்துக்காட்டினார். ஆனாலும் ‘காஸ்டன் நோய்’ என்ற பெயர் நிலைத்தது. அதோடு, தாடை வலி என்றால் பற்கள் சேரும் விதத்தில்தான் கோளாறு என்ற எண்ணமும் நிலைத்துவிட்டது.

1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராம்ஃபியோர்டு அந்த எண்ணத்துக்கு இன்னும் வலு சேர்த்தார். தாடைத் தசைகளின் மின்துடிப்பைக் கருவியால் பதிவு செய்து, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகச் சேராமல் இடிப்பதே பல் கடிப்பதற்குக் காரணம் என்றார். இடிக்கும் இடத்தைத் தேய்த்துச் சமன்செய்தால் பழக்கம் நின்றுவிடும் என்றும் சொன்னார். பல மருத்துவர்கள் இதைப் பின்பற்றினார்கள். பல்லின் எனாமல் ஒருமுறை போனால் மறுபடி வளராது. சொத்தை இல்லாத நல்ல பற்களும் இப்படித் தேய்க்கப்பட்டன.

1969இல் சிகாகோவில் டேனியல் லாஸ்கின் வேறு விளக்கம் தந்தார். மன அழுத்தத்தால் தாடைத் தசைகள் இறுகிக் களைத்துப்போவதே வலிக்குக் காரணம் என்பது அவர் கருத்து. 1976இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனையைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வலியோடு வந்த 25 பேருக்குப் பல்லைச் சமன்செய்வதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். உண்மையில் பல் சேர்க்கையை மாற்றவே இல்லை. அவர்களில் 16 பேர், வலி முழுவதும் அல்லது ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது என்றார்கள்! அப்படியானால் அதுவரை பல்லைத் தேய்த்ததால் குணமானதாக நினைத்தவர்களில் எத்தனை பேர் நம்பிக்கையாலும் நாள்போக்கிலும் குணமானவர்களோ!

1984இல் ரூ என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு நேர்மாறாகச் சோதித்துப் பார்த்தது. 10 பேருக்கு வேண்டுமென்றே சற்று உயரமான பல் உறையை மாட்டி, இரவில் தசைத் துடிப்பை அளந்தது. பல் இடித்தால் கடிப்பது கூடவேண்டும் அல்லவா? பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தது. பிறகு மான்ட்ரியாலில் லவீன் போன்றவர்கள் தூக்க ஆய்வுக்கூடத்தில் கவனித்தபோது, முதலில் மூளை சில நொடிகள் லேசாக விழிக்கிறது, இதயத்துடிப்பு ஏறுகிறது, அதன் பிறகே தாடை அசைகிறது என்று தெரிந்தது. பழி பல்லிலிருந்து தூக்கத்துக்கும் மூளைக்கும் மாறியது.

இதற்கிடையே அமெரிக்காவில் இன்னொரு வேதனையும் நடந்தது. 1980களில் பலருக்குத் தாடை மூட்டில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தகடு பொருத்தினார்கள். அது உள்ளேயே சிதைந்து, சுற்றியிருந்த எலும்பை அரித்தது. 1990களின் தொடக்கத்தில் அரசே தலையிட்டு அதைத் திரும்பப் பெற வைத்தது. 1996இல் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, பல்லை நிரந்தரமாக மாற்றும் சிகிச்சைக்குப் போதிய ஆதாரம் இல்லை, எளிய முறைகளில் தொடங்குவதே நல்லது என்றது.

2012இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் ராஃபேல் குழு, தாடைத் தசை வலி உள்ள 124 பெண்களையும் வலி இல்லாத 46 பெண்களையும் ஆய்வுக்கூடத்தில் தூங்க வைத்து அளந்தது. “நான் பல் கடிக்கிறேன்” என்று சொன்னவர்கள் வலி உள்ளவர்களில் 55 சதவீதம், மற்றவர்களில் 15 சதவீதம். கருவி காட்டியதோ முறையே 9.7, 10.9 சதவீதம். ஏறக்குறைய சமம்! வங்கியில் வேலை பார்த்த எங்களுக்கு இது பழக்கமான விஷயம். வாடிக்கையாளர் சொல்லும் தொகை ஒன்று, லெட்ஜரில் இருப்பது ஒன்று. டாலி ஆகும்வரை யார் மேலும் பழி போடக்கூடாது; சஸ்பென்ஸ் கணக்கில்தான் வைக்கவேண்டும்.

அதற்காகத் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வலி உள்ளவர்களின் தாடைத் தசை இரவு முழுவதும் மெலிதாக இறுகியே இருப்பதை அதே குழு அடுத்த வருடம் கண்டது. பகலில் நம்மை அறியாமல் பல்லை அழுத்திக்கொண்டிருப்பதும் கவனிக்கவேண்டிய ஒன்று. 2018இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்குப் பல் கடிப்பது ஒரு நோய் அல்ல, சில பாதிப்புகளின் வாய்ப்பைக் கூட்டக்கூடிய ஒரு செயல் என்று வரையறுத்தார்கள்.

நான் மருத்துவன் அல்ல. இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டதை மட்டும் சொல்கிறேன். வாய் சும்மா இருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கலாம், பற்கள் தொடக்கூடாது. செல்போன் பார்க்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இதைக் கவனியுங்கள். இரவில் மாட்டும் நைட் கார்டு பழக்கத்தை நிறுத்தாது, ஆனால் பல் தேய்வதைத் தடுக்கும், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தைப் பரிசோதியுங்கள். நடக்கும்போது தாடை வலியும் வியர்வையும் வந்தால் பல் மருத்துவரைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது இதயமாக இருக்கலாம்.

தாடை வலிக்காகப் பல்லைத் தேய்க்கவேண்டும், எல்லாப் பல்லுக்கும் உறை போடவேண்டும் என்று யாராவது சொன்னால் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: “இதைச் செய்தபின் பழையபடி மாற்ற முடியுமா? மாற்றக்கூடிய வழி எதையாவது முதலில் பார்க்கலாமா?” நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.