இரண்டு மாலைகள்

ஆண்பிள்ளை எப்போது கிழவனாகிறான்? தலை நரைத்தால் என்றார்கள் பழைய காலத்தில். இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று பிசிராந்தையாரைக் கேட்டார்களாம். மாட்சிமையுள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், மனமறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத அரசன், சான்றோர் வாழும் ஊர் என்று காரணங்களை அடுக்கினார் அவர். புறநானூற்றில் இருக்கிறது.

இன்றைக்கு மாதச் சம்பளக்காரனுடைய நரையைத் தீர்மானிப்பது சர்க்கார் உத்தரவு. மாதக் கடைசி நாளில் பிற்பகல் வரையில் அவன் உத்தியோகஸ்தன். சாயங்காலம் கழுத்தில் ஒரு மாலை விழுந்ததும் கிழவன்!

வயதை வைத்து ஓய்வுச் சம்பளம் தரும் வழக்கத்தைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர், ஜெர்மனியின் இரும்பு மனிதர் பிஸ்மார்க். 1889-ல் அவர் கொண்டுவந்த சட்டம் 70 வயதை எல்லையாக வைத்தது. 1916-ல்தான் அது 65 ஆயிற்று. சட்டம் வந்தபோது பிஸ்மார்க்குக்கு வயது 74. ஊருக்கெல்லாம் ஓய்வு வகுத்தவருக்குத் தமக்கு ஓய்வு வரும் என்று தோன்றவே இல்லை போலும். மறு வருஷம் மார்ச் மாதத்தில், 31 வயதுச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கிழவர் சும்மா இருந்தாரா? தம் பண்ணை வீட்டில் உட்கார்ந்து நினைவுக் குறிப்புகள் எழுதினார். புது அரசாங்கத்தைப் பத்திரிகைகள் மூலம் சாடினார். 1898-ல் இறக்கும் வரையில் ஆறவில்லை. சாம்ராஜ்யத்தையே கட்டி எழுப்பியவருக்கு வெறும் பொழுதைக் கழிக்கத் தெரியவில்லை.

நம் தேசத்துக் கணக்கு இன்னும் விசித்திரமானது. 1951-க்கு முந்தைய பத்தாண்டில் இந்தியனின் சராசரி ஆயுள் சுமார் 32. பிள்ளைப் பருவத்திலேயே மடிந்தவர்கள் அதிகம் என்பதால் வந்த கணக்குதான். ஆனாலும் 55 வயதில் ஓய்வு பெற்று நெடுநாள் வாழ்வது அன்று ஒரு பாக்கியம். மத்திய அரசு அந்த வயதை 1962-ல் 58 ஆகவும், 1998-ல் 60 ஆகவும் உயர்த்தியது. தமிழகத்தில் 2020-ல் 59, 2021-ல் 60. இதற்குள் சராசரி ஆயுள் 70-ஐத் தொட்டுவிட்டது. ஓய்வூதியம் தயவல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் சொல்லிவிட்டது. பணத்துக்கு நியாயம் கிடைத்தது, பொழுதுக்கு?

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். வாசல் பலகையில் பெயருக்குக் கீழே அவர் வகித்த பதவி. அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு'. ஒன்பதரை மணி ஆனால் சட்டை மாட்டிக்கொண்டு தெருமுனை வரையில் போய்த் திரும்பி வருவார். வந்து, அடுக்களையில் எண்ணெய் அதிகம் செலவாகிறதென்று விசாரணை நடத்துவார்.

"இத்தனை வருஷம் இந்த வீடு எப்படி நடந்ததுன்னு நினைச்சீங்க?" என்றாள் அவர் மனைவி ஒருநாள். அவர் பதில் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. மகன் எந்த வகுப்பில் எந்தப் பாடத்துக்கு அழுதான் என்பதும் தெரியாது. முப்பத்தைந்து வருஷம் அவர் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தார். தாம் மட்டும் வரவில்லை.

பிரபவ முதல் அட்சய வரையில் அறுபது வருஷம் சுற்றி, பிறந்த வருஷமே திரும்பி வரும்போது நம்மவர்கள் அறுபதாம் கல்யாணம் செய்கிறார்கள். அதே மனைவிக்கு மறுபடியும் தாலி. இப்போது தமிழகத்து அரசு ஊழியருக்கு இரண்டு மாலைகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கழுத்துக்கு வருகின்றன. ஒன்று, 'போய் வாருங்கள்' என்கிறது. இன்னொன்று, 'உள்ளே வாருங்கள்' என்கிறது. நம்மில் பலர் முதல் மாலையை நினைத்தே மீதி நாளைக் கழித்துவிடுகிறோம்.

பிசிராந்தையார் அடுக்கிய காரணங்களை மறுபடி பாருங்கள். அத்தனையும் மனிதர்கள். தாம் பார்த்த வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை.