முற்றவெளியின் ஓரத்தில் எழுந்த நகரம்

ஒரு நகரின் வளர்ச்சியை வீதிகள், சந்தைகள், மாடிக் கட்டடங்கள் ஆகியவற்றைக் கொண்டு அளப்பதே வழக்கமாகிவிட்டது. கலையும் பண்பாடும் அவ்வளர்ச்சி நிறைவுற்ற பின்னர் சேர்க்கப்படும் அலங்காரங்களாகக் கருதப்படுகின்றன. யாழ்ப்பாண நகரின் வரலாறோ வேறொரு பாடத்தைத் தருகிறது.

1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர் ஐங்கோண வடிவில் மீளக் கட்டிய கோட்டைக்கு வெளியே பரந்து கிடப்பது முற்றவெளி. பீரங்கிச் சூட்டுக்குத் தடையேதும் இராதவாறு கோட்டையைச் சூழ்ந்த நிலத்தை வெறுமையாக விடுவது அக்காலப் போர்மரபு. அந்த வெளியின் ஓரத்தில்தான் இருபதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தவர் தமது நகருக்கு ஒரு முகத்தை அமைத்துக்கொண்டனர்.

1933 இல் க. மு. செல்லப்பா என்பவர் தொடங்கிய முயற்சி, அடுத்த ஆண்டு வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் சிறு நூலகமாயிற்று. பின்னர் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. புதிய கட்டடத்துக்கான நிதியைப் பொதுமக்களிடம் திரட்டக் களியாட்ட விழாவும் அதிர்ஷ்டலாபச் சீட்டும் நடத்தப்பட்டன. சென்னையின் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் அமைத்தார். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1959 இல் அக்கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. அதன் அயலிலேயே கூட்டுறவுப் பெரியார் வீரசிங்கத்தின் பெயர் தாங்கிய மண்டபமும் திறந்தவெளி அரங்கும் அமைந்தன. சந்தைக்கும் நீதிமன்றத்துக்கும் நகருக்கு வந்துபோன கிராமத்தவர்கள் வாசிக்கவும் நாடகம் பார்க்கவும் வரத் தொடங்கினர். யாழ்ப்பாணம் வணிகத் தலம் என்ற நிலையைக் கடந்து நகரமானது இவ்வாறுதான்.

இதனை அழிக்க முனைந்தவர்களும் நன்கு அறிந்திருந்தனர். 1974 ஜனவரி 10 அன்று தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் நிகழ்வில் வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் உயிர்கள் பலியாயின. 1981 இல் நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990 இல் கோட்டை முற்றுகைக்குள்ளானபோது அந்த நிலம் மீண்டும் போர்க்களமாயிற்று. பண்பாடு வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் எரிப்பதற்கு யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

இன்று நூலகத்தின் அருகே, இந்திய நிதியுதவியுடன் அமைக்கப்பட்ட கலாசார மையம் நிமிர்ந்து நிற்கிறது. 2015 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2023 இல் மக்களிடம் கையளிக்கப்பட்ட அதில் அறுநூறுக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கமும், அருங்காட்சியகமும், 11 மாடிக் கோபுரமும் உண்டு. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டபோது யாழ்ப்பாணம் என்ற சொல் விடுபட்டது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. சில நாட்களில் ஊரின் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது.

வள்ளுவரை வேண்டாமென்று சொல்லும் தமிழர் எவருமில்லர். கேட்கப்பட்டது உரிமை. பிறர் கொடையால் கட்டடம் எழலாம், அது தவறன்று. ஆனால் அந்த அரங்கில் எமது கூத்தும் இசையும் நாடகமும் ஆண்டு முழுவதும் இடம்பெற வேண்டும். வசதியற்ற கலைஞனுக்கும் அதன் கதவு திறக்க வேண்டும். களியாட்ட விழா நடத்தி நூலகம் கட்டிய தலைமுறை அதனைத் தமது வீடாகவே எண்ணியது. அந்த எண்ணம் பிறக்கும்வரை, எத்தனை மாடிகள் உயர்ந்தாலும் முற்றவெளியின் வெறுமை நீங்கப்போவதில்லை.